கண்மாயைக் கடந்த சேகர் மாமா

வெள்ளிக்கிழமை என்றாலே எனக்குப் புளி வாசம்தான். மற்ற வீடுகளில் குத்துவிளக்கு தேய்க்க மட்டும் புளி கரைப்பார்கள். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டிலோ, ஒரு வெள்ளைச் சட்டையிலிருந்து பித்தளைப் பொத்தான்களைக் கழற்றி, அவற்றையும் புளி போட்டுத் தேய்த்துக் காயவைத்துத் திரும்ப மாட்டுவாள் அம்மா. சட்டை, கடற்படையில் அதிகாரியாக இருந்த சேகர் மாமாவுடையது. அம்மாவின் ஒரே தம்பி. எழுபத்தொன்றாம் வருஷத்து யுத்தத்தில் எதிரியின் நீர்மூழ்கி அடித்து மூழ்கிய கப்பலில் அவர் இருந்தார். நான் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் என் மாமாவைப்போல ஒரு மாமா தெருவில் எவனுக்கும் கிடையாது என்று நான் சண்டை போடாத நாள் இல்லை.

தாயில்லாத அந்தப் பிள்ளையை ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மாதான் வளர்த்தாள். நீச்சல் பழக்க, மிதவையாக இடுப்பில் 'சுரைக்குடுக்கை'யைக் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் தள்ளிவிட்டதும் அவள்தான். குடுக்கை இல்லாமல் மிதக்கப் பழகியவர், மார்கழியில் நிரம்பி வழிந்து 'மறுகால்' பாயும் பெரிய கண்மாயை இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்திக் கடந்து, ஈரத் தலையோடு பள்ளிக்கூடம் போவாராம். எம்புட்டு ஆழத்தில் போட்டாலும் மேலே வந்துவிடுவான் என்று ஊரே பேசியது.

அந்தப் பேச்சுதான் வினையானது. 'காணவில்லை' என்று தந்தி வந்தபோது அம்மா அதைச் சாவாக எடுத்துக்கொள்ளவே இல்லை. கடலைக் கண்ணால் பார்க்காத சனம் நாங்கள். கண்மாயை வைத்துத்தானே கடலை அளப்போம்! உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் கருமாதி முடிப்பது வழக்கம். சொந்தக்காரர்கள் வருஷாவருஷம் வந்து கேட்டார்கள், செய்யாமல் விட்டால் அவன் ஆத்மா அலையும் என்று பயமுறுத்திக்கூடப் பார்த்தார்கள். நீந்தத் தெரிந்தவனுக்குக் கொள்ளியா என்று சீறினாள் அம்மா. மாமாவின் படத்துக்கு மாலையோடு வந்த பெரியப்பாவை வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டாள். தம்பி திரும்பி வருவான் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டுதான் அவள் உயிரோடு இருந்தாள் என்பது எனக்கு ரொம்பப் பிற்பாடுதான் புரிந்தது.

நான் ஆறாம் வகுப்பு படிக்கையில், ஒரு மத்தியானம் தூத்துக்குடிக்காரர் ஒருவர் வந்தார். மாமாவின் கப்பலில் வேலை பார்த்துப் பிழைத்து வந்தவர். இத்தனை வருஷம் உங்கள் முகத்தில் முழிக்கத் தைரியமில்லை என்றார். கப்பல் சாய்ந்து விளக்கெல்லாம் அணைந்தபோது மாமா மேல்தளத்துக்கு வந்துவிட்டாராம். கீழே ஆட்கள் தட்டும் சத்தம் கேட்டுத் திரும்ப இறங்கினாராம். ஏணியடியில் வழி தெரியாமல் நின்ற இவரைத் தோளில் தாங்கி மேலே தள்ளிவிட்டு, அடுத்த ஆளைத் தேடிப் போனாராம்.

அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ அவன் கடல்ல குதிக்கவே இல்லையா, தம்பி?"

"இல்லக்கா. குதிச்சிருந்தா சார் கண்டிப்பாப் பொழச்சிருப்பாவ. அரைகுறை நீச்சல் தெரிஞ்ச நானே பொழச்சேன்."

அம்மா அன்றுதான் அழுதாள். அத்தனை வருஷ அழுகையையும் சேர்த்து அழுதாள். அழுது ஓய்ந்தபின் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சாப்பிடாமல் போகக்கூடாது என்று அவருக்கு இலை போட்டாள். அடுத்த மாதமே ஸ்ரீவில்லிபுத்தூரில் கருமாதி நடந்தது.

இப்போது அம்மாவும் இல்லை. கண்மாயில் பாதிக்குக் கருவேலம் மண்டிவிட்டது. சேகர் என்றால் யாரென்று சொல்ல அந்தப் பக்கம் ஆள் கிடையாது. என் வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, கடலில் மூழ்கி இறந்தவரா என்று கேட்கிறார்கள். தண்ணி கொண்டுபோயிருச்சே என்று கருமாதிக்கு வந்தவர்கள் அங்கலாய்த்தபோது அம்மா தலைநிமிர்ந்து சொன்னதையே நானும் சொல்கிறேன்:

"தண்ணி ஒண்ணும் கொண்டுபோகலை. கூட இருந்தவங்களை விட்டுட்டு வர மனசில்லாம, அவனாத்தான் எறங்கிப் போனான்."