கழுவிய பஞ்சு

அவர் பெயர் பலருக்குத் தெரியாது. ‘அழுக்கு டாக்டர்’ என்றால் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய் மீன் தொட்டிகளைப் பராமரிக்கிறவர். புதுத் தொட்டி வாங்குகிறவர்களிடம் ஒரே பாட்டுத்தான் பாடுவார்:

“தண்ணி பளிச்சுன்னு இருக்கேன்னு ஏமாறாதீங்க. மீனோட கழிவு விஷம். அதைத் தின்னுத் தீர்க்குற நல்ல கிருமி தானா வளர ஒரு மாசம் ஆகும். பழைய தொட்டிப் பஞ்சைப் போட்டா ஒரு வாரம், பத்து நாள். அதுல இருக்குறது அழுக்கு இல்லைங்க, உசுரு.”

அதனால் டீச்சரம்மா வீட்டுத் தொட்டி விரிசல் விட்டபோது அவர் பதறவில்லை. மீனை டப்பில் விட்டார். ஃபில்டர் பஞ்சையும் கற்களையும் பழைய தண்ணீரிலேயே ஊறப்போட்டு, மறுநாள் புதுத் தொட்டியோடு வருவதாகச் சொல்லிப் போனார். டீச்சரம்மாவின் கணவர் இறந்து நாலு மாதம். பதினோரு வருஷம் அவர் கையால் தின்ற தங்கமீன் அது. அந்த அம்மாள் இப்போது முகம் கொடுத்துப் பேசுவது அதனிடம் மட்டும்தான்.

மறுநாள் பஞ்சு துணிக்கொடியில் இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று தொங்கியது. கற்கள் வெயிலில் காய்ந்தன.

“ஒரே நாத்தம்ண்ணா. சோப்புப் போட்டு மூணு தண்ணி அலசிட்டேன்,” என்றாள் டீச்சரம்மாவின் மருமகள், பாராட்டை எதிர்பார்த்து. அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு செத்துப்போனது.

கூடத்திலிருந்து டீச்சரம்மா கேட்டார்: “என்ன, இன்னிக்கே விட்டுடலாமா?”

தொட்டி விஷயத்தில் அழுக்கு டாக்டர் அதுவரை பொய் சொன்னதில்லை.

“பஞ்சு ரொம்பப் பழசும்மா. எப்படியும் தூக்கிப் போடவேண்டியதுதான். வேற கொண்டுவர்றேன்.”

மற்ற வாடிக்கைக்காரர்களின் தொட்டிகளில் அந்த மாதம் வெள்ளைப்புள்ளி நோய். நம்பி எடுக்க அவர் வீட்டுத் தொட்டி ஒன்றுதான் இருந்தது. அதன் பஞ்சைப் பாதியாக வெட்டினார்.

“அவனவன் காசைத் தானம் பண்றான். நீங்க அழுக்கைப் பண்றீங்க,” என்றாள் மனைவி. “மிச்சம் நம்ம மீனுக்குப் போதுமா?”

வெட்டிய பாதியை அவர் தொட்டித் தண்ணீரோடு டப்பாவில் போட்டு மூடினார். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய், பஞ்சைப் புதுத் தொட்டியில் வைத்து மீனை விட்டார்.

மூன்றாம் நாள் சோதனைக் குழாயில் மருந்துச் சொட்டு விட்டதும் தண்ணீர் பச்சையாக மாறியது. விஷம் ஏறியிருந்தது. மீன் துடுப்பை மடக்கி அடியில் கிடந்தது. டீச்சரம்மா மத்தியானம் சாப்பிடவில்லை. மருமகள், யாரும் சொல்லாமலே, முந்தின நாளே பிடித்துவைத்த தண்ணீரை வாளி வாளியாகத் தூக்கிவந்தாள். பாதித் தண்ணீரை மாற்றினார்கள். மறுநாளும் மாற்றினார்கள். ஆறாம் நாள் பச்சை வெளுத்தது. இதற்குள், பாதிப் பஞ்சே மிஞ்சிய அவர் வீட்டுத் தொட்டியில் இரண்டு சின்ன மீன்கள் செத்து மிதந்தன. அதை அவர் வெளியே சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் மஞ்சள்; விஷம் இறங்கிவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு தடவை பார்த்தார், மஞ்சளேதான். தங்கமீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடியது.

அவர் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது டீச்சரம்மா வாசலுக்கு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“பஞ்சு பழசுன்னீங்க. எங்க வீட்டுக்காரர் போறதுக்கு முந்தின வாரம்தான் நீங்க அதைப் புதுசா போட்டீங்க. நான்தான் டார்ச் புடிச்சேன்.”

அவர் ஒரு கால் செருப்போடு நின்றார்.

“அன்னிக்கு நிஜத்தைச் சொல்லியிருந்தா மருமகளை என்ன பேசியிருப்பேனோ. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க.”

அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். பின்னால் டீச்சரம்மாவின் குரல் கேட்டது.

“ஏம்மா, இங்க வா. தீனி நீ போடு.”

“நானா?” என்றாள் மருமகள். கொஞ்சம் கழித்து, “எவ்வளவு போடணும் அத்தை?”