இறக்காத கை

கூடைப்பந்து ஆட்டக்காரன் ஏணி ஊர் அணியை விட்டுப் போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது, லிப்ட் பழுது பார்க்கும் தொண்டை ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் உச்சியில், லிப்ட் மெஷின் அறைக்குள், கையெல்லாம் கிரீஸாக நின்றிருந்தார். கூட வேலை பார்ப்பவர் போனில் வந்ததை வாசலில் நின்று படித்துச் சொன்னார். படித்ததையே திரும்பப் படிக்கச் சொன்னார் தொண்டை. திரும்பப் படித்தபோதும் அதேதான் இருந்தது. போனதுகூடப் பரவாயில்லை, போன இடம்தான் பொறுக்க முடியாதது. துறைமுக அணி. ஊரில் யாரைக் கேட்டாலும் சரி, அவர்களிடம் மட்டும் தோற்கக் கூடாது என்பார்கள்.

அன்று அவர் லிப்டின் தேய்ந்த பிரேக் ஷூவை மாற்றாமலே மூடியைப் போட்டுவிட்டு, பாதிப் படி இறங்கிய பிறகு ஞாபகம் வந்து, திரும்ப ஏறிப்போய் மாற்றினார். வேலையில் அப்படி மறப்பவர் இல்லை.

தொண்டை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. லிப்ட் வேலை அந்தக் குரலைத் தந்தது. கட்டிடத்தின் உச்சியில் ஒருவர், அடியில் குழிக்குள் ஒருவர், நடுவில் இருட்டான நீளமான பொந்து. போன் எடுக்காத அந்தப் பொந்துக்குள் மேலேயிருந்து கீழே கேட்கும்படி கத்திக் கத்தி அவருடைய குரல் தகரத்தை இழுத்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் மெதுவாகத்தான் பேசுவார். அந்த மெதுவே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அந்தக் குரலோடு முதன்முதலாகக் கூடைப்பந்து அரங்கத்துக்குப் போனபோது வடக்குக் கேலரி அவரைத் தன் ஆளாக்கிக்கொண்டது. அவர் எடுத்துக் கொடுத்தால் கேலரி கத்தும், அவர் கைதட்டினால் கேலரி தட்டும். வடக்குக் கேலரி எதைச் செய்கிறதோ அதையே மற்ற பக்கங்களும் செய்யும். வேலையில் பத்தோடு பதினொன்றாக இருந்த மனிதருக்கு அந்தச் சிமெண்ட் படியில் கிடைத்த மரியாதை வேறு எங்கும் கிடைத்ததில்லை. மனைவி வழி உறவினர்கூட அவரை "லிப்ட் ரிப்பேர் பண்றவர்" என்றுதான் சொல்வார்கள். கேலரியில் மட்டும் அவர் "அண்ணன்".

ஏணி வந்தபோது எலும்பும் உயரமுமாக வந்தான். ஓடுவான், தாவுவான், மூன்று பேரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பந்தைக் கூடைக்குள் வைப்பான். ஃப்ரீ த்ரோ மட்டும் வராது. எதிராளி தப்பு செய்தால் யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று நிதானமாக எறியலாம் அல்லவா, அது. சும்மா நின்று எறிவதில்தான் அவன் கோட்டைவிடுவான். சொந்த ஊர்க் கேலரியே உற்சாகமாகக் கத்தும், கத்தக் கத்த அவன் தோள் மேலே மேலே ஏறும். அதைத் தொண்டை பார்த்தார். ஒரு நாள் ஏணி கோட்டில் வந்து நின்றபோது அவர் எழுந்து வலது உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார்.

லிப்ட் வேலையில் அந்தக் கைக்கு ஒரே அர்த்தம்தான். நிறுத்து, உள்ளே ஆள் இருக்கிறான். அந்தக் கை இறங்கும்வரை யாரும் சுவிட்சைத் தொட மாட்டார்கள், பேச்சுகூடக் கொடுக்க மாட்டார்கள். கேலரிக்கு அது தெரியாது. ஆனாலும் புரிந்தது. அரங்கம் அடங்கியது. பந்து தரையில் படும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வலை அசைந்த சத்தம்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஏணி கோட்டில் நிற்பான், பந்தைத் தட்டுவான், கையைப் பனியனில் துடைப்பான், வடக்குக் கேலரியை நிமிர்ந்து பார்ப்பான். தொண்டையின் கை ஏறும். வேறு எந்த ஊர் அரங்கத்திலும் இப்படி ஒரு மௌனம் கிடையாது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். ஒரு வெற்றிக்குப் பிறகு ஏணி படியேறி வந்து, "அண்ணே, நீங்க கை தூக்கினா கூடை கிட்ட வந்துடுது" என்றான். தொண்டை அதை எத்தனை பேரிடம் சொன்னார் என்பதற்குக் கணக்கே இல்லை. மருந்துக் கடை கவுன்ட்டரில் வேலை பார்த்த அவர் மனைவிக்கு அது மனப்பாடம். அவர் வாயைத் திறக்கும்போதே அம்மாள் உதடு அசைத்துக் காட்டுவார்.

அப்படிப்பட்டவன்தான் போய்விட்டான். ஒரு வார்த்தை இல்லை.

ஊர் கொதித்தது. அரங்கத்துக்கு எதிரே கடை வைத்திருந்த சலூன்காரர், ஏணிக்கு முடி வெட்டிய நாற்காலியில் இனிமேல் தாடி மழிக்க வருபவர்களை மட்டும்தான் உட்கார வைப்பேன் என்றார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் ஆமோதித்தார்கள். அவன் எண் போட்ட பனியன்கள் வண்டி துடைக்கும் துணியாயின. ஒருவர் தன் நாய்க்கு வைத்த பெயரையே மாற்றினார். நாய் புதுப் பெயருக்குத் திரும்பவில்லை, அதற்கும் திட்டு ஏணிக்குத்தான்.

எல்லோரையும்விடக் கசந்தவர் தொண்டை. துரோகி என்ற சொல்லை முதலில் சொன்னவரும் அவர்தான். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். மனைவி ஒரு நாள் பொறுத்தார், இரண்டு நாள் பொறுத்தார்.

"அவன் உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் போகணுமா? நீங்க என்ன பொண்ணு குடுத்த மாமனாரா?"

"உனக்குப் புரியாது."

"புரியுது. என்கிட்டகூட இவ்வளவு கோவப்பட்டதில்ல நீங்க. அதான் புரியுது."

துறைமுக அணி இங்கே ஆட வரும் நாள் நெருங்கியபோது ரசிகர் மன்றம் சலூனில் கூடியது. மன்றத்தின் செயலாளர் வரி அலுவலகத்தில் குமாஸ்தா. எதையும் முறைப்படி செய்பவர், கோபம்கூடத் தீர்மானம் போட்டுத்தான் படுவார். ஏணியை எப்படி வரவேற்பது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தகர டப்பா, விசில், முதுகைக் காட்டி நிற்பது. தொண்டை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தார். மற்றது எப்படியோ போகட்டும், அந்த அரங்கத்தில் அவனுடைய ஃப்ரீ த்ரோ ஒன்றுகூட விழாது, தன் தொண்டை கிழிந்தாலும் சரி என்றார். விழுந்தால் அந்தப் படியில் தான் உட்காருவதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அதை யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். சலூன்காரர் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆட்டத்தன்று அரங்கம் அதிர்ந்தது. ஏணி பந்தைத் தொட்ட போதெல்லாம் தகரம் முழங்கியது. அவன் ஆட்டமும் அன்று எடுபடவில்லை. ஒரு முறைகூட ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வராமல் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். நம் அணி ஒரே ஒரு புள்ளி முன்னால். ஆட்டம் முடிய மூச்சுவிடும் நேரம்தான் பாக்கி. அப்போது நம் ஆள் ஒருவன் பதற்றத்தில் ஏணியின் கையில் அடித்தான். நடுவர் விசில் ஊதினார். ஏணிக்கு இரண்டு எறிகள், விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அதுவும் வடக்குக் கூடையில்.

கேலரி முழுதும் எழுந்து நின்று கத்தியது. தொண்டையின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஏணி கோட்டுக்கு வந்தான். பந்தைத் தட்டினான். கையைப் பனியனில் துடைத்தான். துடைத்துவிட்டு, எப்போதும் போல, நிமிர்ந்து பார்த்தான்.

தொண்டையின் கை மேலே போனது.

கேலரி அடங்கியது. வாயில் விசில் வைத்திருந்தவர்கள் அதை எடுத்தார்கள், டப்பா வைத்திருந்தவர்கள் டப்பாவை மடியில் அணைத்துக்கொண்டார்கள். வடக்கு அடங்க, கிழக்கும் மேற்கும் அடங்கின. பந்து வளையத்தைக்கூடத் தொடாமல் விழுந்தது. வலை அசைந்த சத்தம் கேட்ட பிறகுதான் கேலரிக்கு என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. பின்னாலிருந்து குமாஸ்தா, "கையை எறக்குங்க, எறக்குங்க" என்று அடிக்குரலில் பதறினார். நடுவர் பந்தைத் திரும்ப ஏணியிடம் தந்தார். அவன் தட்டினான், துடைத்தான். கை இறங்கவில்லை. அங்கங்கே யாரோ கத்தப் பார்த்தார்கள், ஆனால் கை மேலே இருக்கும்போது கத்திப் பழக்கமில்லாத கூட்டம் அது. குரல் பாதியிலேயே செத்தது. இரண்டாவது பந்தும் விழுந்தது. நம் அணி ஒரு புள்ளியில் தோற்றது.

பிறகு நடந்தது எதுவும் ஆட்டம் இல்லை. யாரோ அவர் முதுகில் டப்பாவை எறிந்தார்கள். சலூன்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினார். மறுநாள் ஏணி பேட்டி கொடுத்தான். பழைய ஊர் தனக்காக மௌனமாக நின்றதை மறக்க மாட்டேன், முக்கியமாக அண்ணனுக்கு நன்றி என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பான். அந்த ஒரு நன்றியோடு தொண்டையின் கதை முடிந்தது. ஏணி மீது இருந்த கோபம் முழுவதும் வீடு மாறி அவர் மீது வந்து குடியேறியது. இவர் ஆரம்பத்திலிருந்தே அவன் ஆள், அவன் போவது இவருக்கு முன்பே தெரியும், துரோகி என்று கத்தினதெல்லாம் நாடகம் என்றார்கள். அவர் சொல்லிக் கொடுத்த சொல்தான், வேறு சொல் தேட வேண்டிய சிரமம் யாருக்கும் இருக்கவில்லை.

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே மனைவி கேட்டார், "தெரியாமத்தானே தூக்கினீங்க?" தொண்டை "ம்" என்றார். அம்மாளுக்கு அது போதும். மருந்து வாங்க வந்தவர்கள் ஜாடையாகப் பேசியபோதெல்லாம் அவர் விடவில்லை. இத்தனை வருடப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது, அதற்குப் போய் ஒரு மனுஷனைக் கொல்லுவீர்களா என்று மாத்திரையை எடுத்துக்கொண்டே வாதாடினார். ஏணியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாத அம்மாள், பந்தாட்டமே பிடிக்காத அம்மாள், கேலரிக்காரர்களிடம் கேலரியின் வழக்கத்தை விளக்கினார். கொஞ்சம் கொஞ்சமாக ஊர் இளகவும் செய்தது.

அப்படி இளகியிருந்த சமயத்தில் வரி அலுவலகத்து லிப்ட் நடுவில் நின்றது. போனது தொண்டை. கதவைச் சாவி போட்டு விலக்கிப் பார்த்தால், பெட்டி இரண்டு மாடிக்கு இடையில் தொங்குகிறது, அவர் முகத்துக்கு நேரே ஒரு ஜோடி பாலிஷ் போட்ட ஷூ. குமாஸ்தாவின் குரல் மேலேயிருந்து வந்தது.

"யாரு, அண்ணனா?"

"ஆமா. அசையாம நில்லுங்க. மேல போய்க் கையால எறக்கணும்."

"இருங்க, போயிடாதீங்க." குமாஸ்தா முழங்காலிட்டுக் குனிந்து அந்த இடைவெளியில் முகத்தைக் காட்டினார். மூச்சு வாங்கியது. வெளியே இருந்தால் பேசியிருக்க மாட்டார். மன்றத்தில் பேசியாகிவிட்டது என்றார். உங்கள் வீட்டு அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று எல்லோருக்கும் படுகிறது, கை தவறிப் போய்விட்டது என்று நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் பழைய இடத்திலேயே உட்காரலாம், கேலரி இப்போது அழுது வடிகிறது, எடுத்துக் கொடுக்க ஆளில்லை என்றார்.

தொண்டை சாவியைப் பையில் போட்டார். அந்தச் சிமெண்ட் படியில் உட்கார அவருக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். ஆட்ட நாட்களில் அரங்கத்துப் பக்கம் போகாமல் சுற்று வழியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"முதல் தடவை தெரியாமத்தான் போச்சு," என்றார்.

"அதான் அண்ணே, அதைச் சொல்லுங்க, போதும்."

"ரெண்டாவது தடவை தெரியும்."

குமாஸ்தா இடைவெளியில் இன்னும் குனிந்தார்.

"நீங்க எறக்கச் சொன்னது காதுல விழுந்துச்சு. எறக்கியிருக்கலாம். அவன் தோள் ஏற ஆரம்பிச்சுது, பழையபடி. பாத்துட்டு எறக்க முடியல. அந்தப் பந்து விழணும்னு இருந்துச்சு எனக்கு."

"நாம தோத்தாலுமா?"

"அதெல்லாம் அப்போ தோணல."

அவர் மேலே போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியைத் தளத்துக்கு இறக்கினார். திரும்பி வந்து கதவைத் திறந்து, காலைப் பார்த்து வைக்கச் சொன்னார். குமாஸ்தா கால்சட்டையின் முட்டியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். இதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மருந்துக் கடைக்கும் தெரிந்துவிட்டது. மனைவி வீட்டுக்கு வந்து பையை மேசையில் வைத்தார், வழக்கமாக மாட்டும் ஆணியில் மாட்டவில்லை.

"பழக்கம், பழக்கம்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். இன்னிக்கு அந்தச் சலூன்காரர் சம்சாரம் சிரிக்கிறா. என் முகத்தைப் பாத்துச் சிரிக்கிறா."

"நீ கேட்டப்போ நான் ம்னுதான் சொன்னேன்."

"ஆமா. ம்னு சொன்னீங்க."

அவ்வளவுதான் பேச்சு. அம்மாள் கைகால் கழுவப் போனார். அதற்குப் பிறகு அவர் கவுன்ட்டரில் கணவரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொன்னதில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், என்ன மருந்து வேண்டும் என்று கேட்பார்.