பாஸான பீசுக்குப் படம் கிடையாது

டீ கைக்கு வந்ததும் குடித்துவிடுவது நம்மைப் போன்ற அவசரக்காரர்களின் வழக்கம். கோதண்டபாணி கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்குவார். விளிம்பை ஒரு சுற்றுப் பார்ப்பார். ஓரிடத்தில் நெல் உமி அளவுக்குக் கண்ணாடி பெயர்ந்திருக்கும். தம்ளரை பெஞ்சில் வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் சுருளை எடுப்பார். அதில் இருப்பதெல்லாம் சிவப்பு அம்புக்குறிகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு. ஒன்றை உரித்து, முனை சரியாகப் பெயர்ந்த இடத்தைத் தொடும்படி ஒட்டுவார். அதே பையிலிருந்து பிறகு ஒரு கேமரா வரும். சீட்டுக்கட்டு அளவு, வெள்ளி நிறம். பாட்டரி மூடி உடைந்துபோனதால் இடுப்பில் ஒரு ரப்பர் பேண்டு. விர்ரென்று மூக்கை நீட்டி, பளிச்சென்று ஒரு மின்னல் அடித்துவிட்டு, மறுபடி மூக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

"அண்ணாத்த, டீ ஆறிப் போவுது" என்பார் கடைக்காரர்.

"ஆறட்டும். இது எவன் உதட்டையாவது கிழிச்சா இன்னா பண்ணுவ?"

கடைக்காரர் வேறு தம்ளரில் வேறு டீ கொடுப்பார். அதன் விளிம்பும் சுற்றிப் பார்க்கப்படும். குற்றமில்லை. ஆகவே படமும் இல்லை.

ஆம்பூரில் ஏற்றுமதி ஷூ கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷமாகக் குவாலிட்டி செக்கர் அவர். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், தாண்டிப்போன தையல், வழிந்த பசை என்று, மாடு உயிரோடிருந்த காலத்தில் அதன் தோலுக்கு நேர்ந்த அக்கிரமங்களும் செத்த பிறகு நேர்ந்த அக்கிரமங்களும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. கம்பெனிக்குள் செல்போன் கூடாது. வெளிநாட்டுக்காரன் அடுத்த வருஷம் விற்கப்போகிற மாடலை இந்த வருஷமே எவனாவது வாட்ஸப்பில் விட்டுவிடுவான் என்று பயம். ஆயிரத்துச் சொச்சம் பேர் கேட்டில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போக, கோதண்டபாணி மட்டும் குறைக்கு அம்பு ஒட்டிப் படமெடுக்கக் கம்பெனி கொடுத்த கேமராவோடு போவார். செக்யூரிட்டி சல்யூட் அடிப்பது அவருக்கா கேமராவுக்கா என்பதில் எங்கள் தெருவில் இரண்டு கருத்துகள் உண்டு.

பதினொரு வருஷத்துக்கு முன் கம்பெனி அந்தப் படங்களை எடுக்க டேப்லெட் வாங்கியது. பழைய கேமராவை "நீயே வச்சிக்கப்பா" என்று கொடுத்துவிட்டார்கள். ஒரு நிர்வாகம் யோசிக்காமல் செய்த காரியங்களில் இதற்கு முதலிடம் தரலாம். அதுவரை தோலோடு நின்றிருந்த தணிக்கை அன்று முதல் ஊர் முழுக்கப் பரவியது.

அவர் மகள் சௌமியா பத்தாவதில் பள்ளிக்கே முதலாவதாக வந்த நாளின் படத்தில் இருப்பது, பரிசுக் கோப்பையின் அடியில் பெயின்ட் உரிந்த இடம். ஏலகிரிக்குக் குடும்பத்தோடு போய்வந்ததற்கு அத்தாட்சி, படகுத்துறைக் கம்பியின் துரு. மனைவி சௌந்தரத்தின் பட்டுப்புடவை வந்த தினம், கரையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இழை. எல்லாவற்றிலும் அம்பு.

"எங்க மூஞ்சிய எடுக்கவே மாட்டியாப்பா?" என்று சௌமியா ஒருமுறை கேட்டாள்.

"உன் மூஞ்சிக்கு இன்னாம்மா? அது பாஸ். பாஸான பீசுக்குப் போட்டோ எதுக்கு?"

கோதண்டபாணி தன் வாழ்நாளில் ஒருவரைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அது பாராட்டு என்று மகளுக்குத் தெரியவில்லை.

தையல் பிரிவில் பில்கிஸ் என்ற பெண்மணி. கோதண்டபாணி கேமராவோடு அந்தப் பக்கம் வந்தாலே துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கத்துவார்: "பாணி அண்ணா, அத்த இந்தப் பக்கம் திருப்பாதீங்க, பேஜாரா இருக்குது! ரம்ஜானுக்கு பிரியாணி குடுத்தா அதுலயும் அம்பு வைப்பீங்க நீங்க."

"வேகலன்னா வைக்க மாட்டேனா?"

இதெல்லாம் போன மாதம் வரை.

சௌமியாவும் நவீன்குமார் என்ற பையனும் சத்துவாச்சாரியில் ஒரே ஆபீசில் வேலை. இருவர் மனமும் முன்பே ஒத்துப்போய்விட்டது. பெரியவர்கள் ஒத்துப்போவதுதான் பாக்கி. பையனுக்குக் குடியாத்தம். அப்பா இல்லை. அம்மா சம்பூர்ணம் ஆறு விசைத்தறிகளைத் தனியாளாக ஓட்டி, லுங்கி நெய்து, மகனை எஞ்சினீயர் ஆக்கியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். அடுத்த வீட்டுக்காரனான என்னையும் "ஆள் கொஞ்சம் ஜாஸ்தியா தெரியணும்" என்று கோதண்டபாணி கூட்டிப்போனார்.

கேசரி, காபி எல்லாம் ஆயிற்று. சம்பூர்ணம் சிரித்த முகத்தோடு ஓடியாடி உபசரித்தார். கோதண்டபாணி நடுவில் இரண்டு மூன்று தடவை எழுந்தார். "தறி பாத்துட்டு வர்றேன்" என்றார். "கை கழுவிட்டு வர்றேன்" என்றார். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. மின்னலை அணைத்து வைத்திருந்தார், ஒட்டிய அம்புகளை ஒன்று விடாமல் உரித்துக் கையோடு கொண்டுவந்துவிட்டார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. விருந்தாளிக்குரிய நாகரிகம் அந்த அளவுக்கு அவரிடம் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர்கள் பூ வைக்க ஆம்பூர் வந்தார்கள். தட்டில் மல்லிகை, பழம், வெற்றிலை. பெண் தலையில் வைக்கத் தட்டிலிருந்த பூவிடம் கையைக் கொண்டுபோன சம்பூர்ணம், அப்படியே நிறுத்தி ஆசையாகக் கேட்டார்: "சின்னதுல எப்பிடி இருந்தா எம் மருமவ? போட்டோ இருந்தா காட்டுங்களேன்."

"எல்லாம் இவுரு கேமராலதான் கீது" என்றார் சௌந்தரம், பெருமையாக. அந்த வீட்டில் யாரும் அந்தக் கேமராவைத் திறந்து பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. டிவியில் ஒயரைச் சொருகித் தந்தவன் நவீன்குமார். மாமனாருக்கு உதவுகிற முதல் சந்தர்ப்பம். அந்தக் கேமராவுக்கு ஒரு சுபாவம், கடைசியாக எடுத்த படத்தைத்தான் முதலில் காட்டும். பூ வைக்கிற ஏற்பாட்டு அலைச்சலில் அந்த வாரம் அவர் வேறு படமே எடுத்திருக்கவில்லை.

ஒரு குழாய் வந்தது. சொட்டும் நீர், பக்கத்தில் சிவப்பு அம்பு. யாரோ சிரித்தார்கள். சிரித்தது நான்தான், அதைச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து ஒரு சுவர், அதில் விரிசல், அம்பு. "அட, எங்க வூட்டுச் சுவரு மாதிரியே இருக்குது" என்றார் சம்பூர்ணம், இன்னும் சிரித்தபடி.

மூன்றாவது, ஒரு ஆண் செருப்பு. இடது குதிப்பக்கம் வெளியோரம் தேய்ந்து சாய்ந்திருக்கிறது. அம்பு. நவீன்குமார் மெல்லக் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான். நான்காவது, ஒரு புது லுங்கி. கட்டத்தின் நடுவே குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்று விட்டுப்போன இடம், அம்பு. சம்பூர்ணத்தின் சிரிப்பு அங்கே நின்றது. சுவர் மழையில் விரிசல் விடும். லுங்கி அப்படி இல்லை, அது அவருடைய பெயர்.

"போதும், போதும்" என்று கோதண்டபாணி எழுந்தார். நவீன்குமாரின் கட்டைவிரல் அதற்குள் பொத்தானை அமுக்கிவிட்டிருந்தது.

ஐந்தாவது படம் நாற்பத்து மூன்று அங்குல டிவி முழுக்க வந்தது. சமையற்கட்டு வாசலில் நிற்கும் ஒரு பெண்ணின் குதிகால். பாளம் பாளமாகப் பித்தவெடிப்பு. சேலைக்கரை தெரிகிறது, அரக்கில் மஞ்சள் கோடு. தரையில் ஒட்டிய அம்பு அந்தக் காலைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

சம்பூர்ணம் அன்றைக்கும் அதே சேலையைத்தான் கட்டியிருந்தார். பாயில் நீட்டியிருந்த காலை இழுத்துச் சேலைக்குள் மூடிக்கொண்டார்.

"இருவது வருஷமா தறியாண்ட நின்ன காலுண்ணா" என்றார். சத்தம் போடவில்லை. "நாங்க பொண்ணுக்குப் பூ வைக்க வந்தோம். நீங்க அதுக்கு முன்னாடியே எங்கள செக்கிங் பண்ணி முடிச்சிட்டீங்க."

தட்டிலிருந்த பூவை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு எழுந்தார். நவீன்குமார் சௌமியாவைப் பார்க்கவில்லை. டிவியிலிருந்து ஒயரைக் கழற்றி, ஒழுங்காகச் சுருட்டி, கேமராவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

அவர்கள் போனதும் கோதண்டபாணி கதவைப் பார்த்தபடியே பேசினார். "அதெல்லாம் ரிஜெக்ட் இல்ல சௌந்தரம், ரிப்பேர். குழாய்க்கு வாஷர் வாங்கி வச்சிருக்கேன். காலுக்குக்கூட மேல்விஷாரத்துல ஒரு களிம்பு விக்கிறாங்க, சொல்லி வச்சிருக்கேன்…"

"அவங்க உன்ன கேட்டாங்களா?" என்றாள் சௌமியா. அதற்குப் பிறகு அவள் அப்பாவிடம் பேசவில்லை.

ஆம்பூர் ஒரு அதிசயத்தைப் பார்த்தது. கோதண்டபாணி டீயை வாங்கியதும் குடித்தார். விளிம்பு ஆங்காங்கே பெயர்ந்த தம்ளரைக் கடைக்காரர் வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தார். அதிலும் குடித்தார். "வாயி பத்திரம் அண்ணாத்த" என்று கடைக்காரர்தான் கடைசியில் பிடுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. சட்டைப் பையில் கேமரா இல்லை. அதன் கனத்தில் தொங்கிப் பழகிய பை மட்டும் காலியாகத் தொங்கியது. நடக்கும்போது தலை குனிந்தே நடப்பார். எதிரே யாருடைய கால்களாவது வந்தால் உடனே மேலே வானத்தைப் பார்ப்பார்.

கம்பெனியில் கத்தி வெட்டு விழுந்த பீஸ் ஒன்றைப் பாஸ் போட்டு அனுப்பிவிட்டார். அதைப் பில்கிஸே எடுத்துக்கொண்டு வந்தார். "அண்ணா, இதுக்கு அம்பு வைங்க. எனக்கே வெக்கமா கீது."

"வைக்க எனக்கு இன்னாம்மா யோக்கியத இருக்குது?" என்றாராம். தையல் பிரிவில் அரை நிமிஷம் மெஷின்கள் ஓடவில்லை.

ஒரு மாலை மதிற்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். "எல்லாப் படத்தையும் அழிச்சிட்டேன் சார். அந்த அஞ்சாவது மட்டும் அழிச்சும் போவல. கண்ண மூடினா டிவி சைசுக்கு வந்து நிக்கிது." காலிச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். "அழிக்கிறதுக்கு முன்னாடி பாப்பா படம் ஒண்ணு எடுத்து வச்சிக்கலாம்னு தேடினேன். நாலாயிரத்து அறநூறு படம் சார். அது மூஞ்சி ஒண்ணுத்துலயும் இல்ல."

அவரைப் பற்றி நான் பல வருஷமாகப் பல இடங்களில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு மதிற்சுவரில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு மறுபடி குடியாத்தம். இந்தத் தடவை என்னைக் கூப்பிட்டது ஆள் ஜாஸ்தியாகத் தெரிய அல்ல. "தனியா போவ கூச்சமா கீது" என்றார். பஸ்ஸில் ஒரு வார்த்தைதான் பேசினார். "பாப்பா பேசி இருவத்தோரு நாளாவுது."

சம்பூர்ணம் தறிக்கொட்டகையில் இருந்தார். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. கோதண்டபாணி கைகூப்பி எதையோ சொன்னார். மன்னிப்பு கேட்டார் என்று நினைக்கிறேன். அந்தச் சத்தத்தில் அவருக்கே அது கேட்டிருக்காது. இரண்டாம் தடவையும் சொன்னார்.

சட்டைப் பைக்குள் கையை விட்டுக் கேமராவை எடுத்தார். சம்பூர்ணத்தின் முகம் மாறியது, கால் தானாகச் சேலைக்குள் போனது. அவரோ கேமராவை அந்த அம்மாள் கையில் கொடுத்து, எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று காட்டினார். ஸ்டிக்கர் சுருளிலிருந்து ஒரு அம்பை உரித்துக்கொண்டார். கொட்டகைச் சுவரில் அந்த விரிசலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கையைப் பின்னால் கொடுத்து, முனை தன்னைப் பார்க்கும்படி, காதுக்குப் பக்கத்தில் சுவரில் அம்பை ஒட்டினார். ரேஷன் கார்டுக்குப் படம் எடுத்துக்கொள்பவர்போல் கைகளை நேராகத் தொங்கவிட்டு, மூச்சை அடக்கி நின்றார்.

சம்பூர்ணம் வெகுநேரம் பார்த்தார். கையை நீட்டிப் பக்கத்துத் தறியை நிறுத்தினார். கேமராவைத் தூக்கினார். அது விர்ரென்று மூக்கை நீட்டியது. கண்ணருகே வைத்துப் பார்த்தவர், அமுக்காமல் கீழே இறக்கினார். கோதண்டபாணிக்கு அருகே நடந்து வந்தார்.

"சாஞ்சி கீது" என்றார்.

நகத்தால் அம்பைக் கிளப்பி, நேராக வைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, மறுபடி பழைய இடத்துக்குப் போய் நின்று கேமராவைத் தூக்கினார்.