கரி வண்டி எட்டும் தூரம்

பெட்ரோலையெல்லாம் யுத்தம் குடித்துவிட்ட வருஷங்களில் எங்கள் நாமக்கல் – சேலம் பஸ் கரியில் ஓடியது. வண்டியின் முதுகில் ஆளுயர இரும்புப் பீப்பாய். அதற்குள் கரி கனலும். கனலில் பிறக்கிற வாயு குழாய் வழியாக முன்னால் போய் எஞ்சினை உருட்டும். வண்டி ஓடினால்தான் எஞ்சின் காற்றை இழுக்கும், காற்று வந்தால்தான் கரி கனலும், கரி கனன்றால்தான் வண்டி ஓடும். மூன்றும் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு சாலையில் போயின. ஒன்று கையை விட்டால் மூன்றும் விழும்.

ஒரு மூட்டைக் கரியில் சேலம் போய்விடலாம் என்று பஸ் முதலாளி சொல்லுவார். அவர் சொன்ன வண்டியும் எங்கோ ஓடியிருக்கும்தான். ஆள் ஏறாத வண்டி, மேடில்லாத பூமி, எதிர்க்காற்று வீசாத வானம், மழை பார்க்காத கரி! எங்களுக்கு வாய்த்ததோ நிற்க இடமில்லாத கூட்டமும், கூரைமேல் வாழைத்தாரும் வெல்லமும். வேலங்கரி என்றால் ஒரு தூரம். கண்ட விறகைச் சுட்ட கரி என்றால் அதில் பாதி. நனைந்த கரி என்றால் புகைதான், தூரமே இல்லை. மைல்கல்லை நாங்கள் பார்ப்பதையே விட்டுவிட்டோம். இந்தக் கரி ராசிபுரம் வரும், இந்தக் கரி மல்லூர் வரும் என்று பேசிக்கொண்டோம்.

அது ஐப்பசி. விடுப்பில் வந்திருந்த பக்கத்து ஊர்ச் சிப்பாய் ஒருவர் சேதி சொன்னார்: என் தம்பியின் பட்டாளம் ஏறிய ரயில் மறுநாள் மத்தியானம் சேலம் ஜங்ஷனில் தண்ணீர் பிடிக்க நிற்கும், அப்புறம் துறைமுகம், அப்புறம் கப்பல். தம்பி பட்டாளத்தில் சேர்ந்தபின் ஊருக்கு வரவே இல்லை. அம்மா விடியும் முன்பே புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். "மொகத்த ஒருக்காப் பாத்துட்டாப் போதுஞ் சாமி. பேசக்கூட வேண்டாம்."

காலை பஸ்ஸில் ஏறினோம். மழையில் ஊறிய கரி. புறப்படும்போதே கண்டக்டர் பீப்பாயின் காற்றுச் சக்கரத்தை வெகுநேரம் கையால் சுற்ற வேண்டியிருந்தது. வாடைக்காற்று வடக்கிலிருந்து நேராக முகத்தில் அடித்தது. ஒவ்வொரு மேட்டிலும் எல்லோரும் இறங்கி நடந்தோம், சில மேடுகளில் தள்ளினோம். அம்மாவும் நடந்தாள், வண்டிக்கு முன்னால்.

"இதுல ஒலை வெச்சுச் சோறு ஆக்கிக்கிட்டே போலாமுங்க" என்றார் வெல்லம் ஏற்றியிருந்த வியாபாரி.

"ஆக்குங்க, ஆரு வேண்டாம்னா? எறங்கி ஆக்குங்க. உங்க வெல்லத்தையும் எறக்கிட்டீங்கன்னா வண்டி பறக்கும்" என்றார் டிரைவர்.

பஸ் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. சூரியன் எங்கே நிற்கிறது என்று மேகத்துக்குள் தேடிக்கொண்டிருந்தாள்.

மல்லூருக்கு இப்பால் ஒரு மேட்டின் உச்சியில் முனியப்பன் உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் இருந்த காலத்தில் அவர் முன்னால் நிற்காமல் எந்த வண்டியும் போனதில்லை. ஒரு காய் உடைத்து, கற்பூரம் காட்டி, அப்புறம்தான் சக்கரம் உருளும். கரி வந்தபின் டிரைவர்கள் ஓட்டத்திலேயே ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கும் டிரைவர் கையைத் தூக்கினார். அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"நிறுத்துங்க சாமி. ஒரு காய் ஒடச்சுக்கறேன்."

"நிறுத்துனா நெருப்பு அமந்துக்குமுங்காத்தா. திரும்பி வாரப்ப ஒடச்சுக்கலாமுங்க."

"எம் மவன் கடல் தாண்டிப் போறானுங்க. இவரைத் தாண்டி வந்துட்டு அவன் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அதற்கு மேல் டிரைவர் என்ன செய்வார்? வண்டி முழுக்க அவளுக்காகப் பேசியது. "நிறுத்துங்க, பெத்தவ கேக்கறாங்க" என்று அந்த வெல்ல வியாபாரியே அதட்டினார். வண்டி நின்றது. காய் இரண்டாகச் சரியாகப் பிளந்தது. நல்ல சகுனம் என்றார்கள். அம்மா கண்ணை மூடி நின்றாள். அவள் கண்ணைத் திறக்குமுன் எஞ்சின் இருமி, இருமி, அடங்கிவிட்டது.

பிறகு காற்றுச் சக்கரத்தைச் சுற்றினோம். கண்டக்டர் சுற்றினார், நான் சுற்றினேன், முகம் தெரியாதவர்கள் வரிசையாக வந்து சுற்றினார்கள். ஈரக் கரி வெள்ளைப் புகையை விட்டது, சிவக்க மறுத்தது. வண்டியை நகர்த்தக் கிடந்த கரியெல்லாம் வண்டியை எழுப்புவதிலேயே கரைந்தது. பழி சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அது இன்னும் கொடுமையாக இருந்தது. அம்மா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள், யாராவது திட்டமாட்டார்களா என்பதுபோல.

"நடந்துருலாமா கண்ணு?" என்று என்னைக் கேட்டாள். சேலம் நடக்கிற தூரத்தில் இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கொஞ்ச தூரம் நடந்தாள், நான் பின்னாலேயே போனேன். கடைசியில் மூச்சுப் பிடித்த அதே வண்டி வந்து எங்களை ஏற்றிக்கொண்டது.

ஜங்ஷனில் ரயில் இல்லை. பிளாட்பாரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தை நிறுத்தாமலே சொன்னார்: "பட்டாளத்து வண்டிங்களா? அது போயி எத்தன நேரம்! சாப்புட்ட எலைகூட நாய் நக்கி முடிச்சுதுங்க."

தண்டவாளத்தோரம் எச்சில் இலைகள் கிடந்தன. அம்மா குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு அந்த நீளம் முழுக்க நடந்தாள். "இதுல எது அவன் உண்டதுன்னு தெரியிலையே" என்றாள். நான் தோளைப் பிடித்துத் திருப்பினேன். எலும்பும் துணியுமாக, எடையே இல்லாமல் இருந்தாள்.

தம்பி பர்மாவிலிருந்து திரும்பவில்லை. எங்கே, எப்படி என்பதையும் ஒருவரும் சொல்லவில்லை.

அன்று மாலை அதே வண்டியில் திரும்பினோம். ஏழெட்டுப் பேர்தான், கூரையில் சுமை இல்லை, சாலை தெற்கே தாழ்ந்துகொண்டே போனது, வாடை முதுகைத் தள்ளியது. சேலத்தில் நிரப்பிய கரி உலர்ந்த கரி. வண்டி முக்கவில்லை, முனகவில்லை, ஒரு மேட்டிலும் எங்களை இறக்கவில்லை. முதலாளி சொன்ன வண்டி கடைசியில் வந்தேவிட்டது.

"இப்ப மட்டும் எப்படிங்க இத்தனை ஓட்டம்?" என்று அம்மா கேட்டாள்.

டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. "காத்து பின்னால தள்ளுதுங்காத்தா."

"பின்னால எனக்கு என்ன இருக்குது, முன்னால எனக்கு என்ன இருக்குது" என்றாள் அம்மா. வண்டி அந்த ஓட்டத்திலேயே ராசிபுரத்தைத் தாண்டியது. மூட்டையில் பாதிக் கரி மிச்சமிருந்தது.