குக்கர் விசிலோடு ஒரு பொருளியல் பாடம்

தேனியிலிருந்து போடி போகும் வழியில் உள்ள ஒரு கலைக் கல்லூரியில் நான் பொருளியல் நடத்துகிறேன். தமிழ்வழி வகுப்பு. சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம், முதலாண்டு வகுப்பில் இரண்டு பெண்கள் கைகோத்தபடி வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் ஊர் தேவாரம். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், இப்போது ஒரே பஸ். அதில் ஒருத்திக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. மற்றவள் அவளுடைய தோழி. தோழி வாய் ஓயாமல் பேசுவாள். இவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு வரி சொல்வாள். அந்த ஒரு வரியில் வகுப்பே சிரித்துவிடும்.

முதல் வாரத்தில் ஒருநாள் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது அவள் செல்போனைக் காதோடு ஒட்டி வைத்திருந்தாள். அதிலிருந்து கீச்சுகீச்சென்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"போன் ரிப்பேராம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம், பேசுது. நான்தான் வேகமா வச்சிருக்கேன். மெதுவாப் பேசுனா எனக்குக் கொட்டாவி வந்துரும்."

திரையில் இருக்கும் எழுத்தை எல்லாம் அந்த போன் அவளுக்கு வாசித்துச் சொல்லும். பாட்டு, செய்தி, பஸ் நேரம், தோழி அனுப்பும் கேலி எல்லாம் அவளுக்கு அந்தக் குரலில்தான். நான் உற்சாகமாகி, பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்த என் பாடக் குறிப்புகளை அன்றைக்கே வகுப்பின் செல்போன் குழுவில் அனுப்பினேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் இருவரும் ஆசிரியர் அறைக்கு வந்தார்கள். தோழி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். இவள் முகத்தை மட்டும் அப்பாவியாக வைத்துக்கொண்டு, "மேடம், நீங்க அனுப்புனத எங்க போன் எப்படிப் படிக்குதுன்னு கேக்குறீகளா?" என்றாள். வேகத்தைக் குறைத்து மேசைமேல் வைத்தாள்.

"ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்றது போன். கொஞ்சம் மூச்சு வாங்குவது போல நிறுத்திவிட்டு அதே மாதிரி ஒரு பக்கம் முழுக்க ஒப்பித்தது.

நான் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தேன். கண்ணுக்கு அது 'தமிழ்' என்று தெரியும். உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவும். பார்க்கிறவர்களுக்கு மட்டும் அது தமிழ்.

"என்னமோ ரகசியமா எழுதிருக்கீக போல" என்றாள் அவள்.

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. இன்னொரு பாடத்தைத் திறந்து பார்த்தோம். அது நான் கையால் எழுதிய குறிப்பைப் படம் எடுத்து அனுப்பியது. அதற்கு அந்த போன், "படம்" என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

அந்தச் சனி, ஞாயிறு எல்லாம் வீட்டில் தட்டச்சுதான். பழைய குறிப்புகளை என் கணவர் வாசிக்க வாசிக்க, போன் வாசிக்கும் எழுத்தில் நான் புதிதாக அடித்தேன். அவருக்குத் தேனி பஜாரில் மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை. 'இறுதிநிலைப் பயன்பாடு' என்று வரும் இடத்தில் எல்லாம் நிறுத்தி, "இது என்னதுங்குறேன்?" என்று கேட்பார். நான் விளக்க வேண்டும். இரண்டு பாடம் முடிவதற்குள் எங்கள் இருவருக்கும் கழுத்து வலி வந்துவிட்டது.

"பேசாம நீயே பேசி அனுப்பிரு. வீட்டுல நாள் முழுக்கப் பேசுறதுதான" என்றார்.

கேலியாகச் சொன்னதுதான். ஆனால் அது நல்ல யோசனையாக இருந்தது. காலையில் அடுப்படியில் நிற்கும்போதே போனைப் பருப்பு டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொண்டு அன்றைய பாடத்தைப் பேசிப் பதிவு செய்தேன். குழுவில் அனுப்பினேன். இடையில் குக்கர் விசில் அடிக்கும். பால்காரர் ஹாரன் அடிப்பார். ஒருமுறை, 'நாட்டு வருமானம் என்பது' என்று ஆரம்பித்து, 'ஐயோ, பால் பொங்குது' என்று முடித்திருந்தேன். அதை அழிக்காமலே அனுப்பிவிட்டிருக்கிறேன்.

வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த பாடத்தைப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பேசி அனுப்பினேன். மறுநாள் அவள் கேட்டாள்: "உடம்பு சரியில்லையா மேடம்?"

"நல்லாத்தான இருக்கேன். ஏன்?"

"பொட்டிக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்கு. அடுப்படியிலயே பேசுங்க மேடம். விசில் அடிச்சதும் நீங்க என்ன சொல்லிட்டு இருந்தீகன்னு எனக்கு நெனப்புல நின்னுக்கிருது."

அதன்பிறகு அடுப்படிதான் என் வகுப்பறை.

பேச்சில் சொல்லிவிடலாம், ஆனால் வரைபடத்தை என்ன செய்வது? பொருளியலில் பாதி, கோடுகள். விலை ஏறினால் தேவை குறையும் என்பதைக் கரும்பலகையில் இடமிருந்து வலமாக இறங்கும் ஒரு கோடாகப் போட்டுவிட்டு, 'இதோ பாருங்க' என்று சொல்லியே எனக்கு இத்தனை வருடம் ஓடியிருந்தது. இவளுக்கு எதைப் பார் என்பேன்?

தோழிதான் வழி கண்டுபிடித்தாள். அவள் விடுமுறையில் தையல் பழகியவள். துணியில் அளவுக் குறி போடுவதற்கு, பல் வைத்த சின்னச் சக்கரம் ஒன்று தையல்காரர்களிடம் இருக்கும். அதை எடுத்து வந்தாள். கெட்டியான சார்ட் அட்டையை நாலாக மடித்த போர்வைமேல் வைத்து, என் படத்தின் கோடுகள்மேல் சக்கரத்தை அழுத்தி ஓட்டினாள். அட்டையைத் திருப்பினால் பின்பக்கம் வரிசையாகப் புள்ளிகள் புடைத்துக்கொண்டு நின்றன. விரலால் தடவினால் கோடு தெரிந்தது. எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடனே, விலையோடு சரக்கும் கூடுவதைக் காட்டும் அளிப்புக் கோட்டைப் போட்டு அவள் கையில் கொடுத்தோம்.

அவள் ஒரு விரலால் தடவினாள். பிறகு இரண்டு கையாலும் தடவினாள். நெற்றி சுருங்கியது.

"மேடம், வெல ஏறுனா யாவாரி சரக்கக் கூட்டிக் கொண்டு வருவாருன்னுதான சொன்னீக?"

"ஆமா."

"இங்கன கொறச்சுல்ல கொண்டு வாராரு. கோடு கீழ எறங்குது. விலை அச்சு எடது கைப் பக்கம் நிக்கும்னீக, இங்கன வலது பக்கம் நிக்குது. இது எந்த ஊரு சந்தை?"

அட்டையை வாங்கி முன்பக்கம் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. முன்னால் அழுத்தினால் பின்னால்தான் புடைக்கும். பின்னால் திரும்பும்போது இடம் வலமாகிவிடும். ஏற வேண்டிய கோடு இறங்கிவிடும்.

தோழி தலையில் அடித்துக்கொண்டாள். "ரவிக்கைக்கு எடது கை, வலது கை மாத்தி வெட்டுன மாதிரி ஆயிப்போச்சே!" அன்றிலிருந்து அவள் எல்லாப் படத்தையும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி வரைந்து, அதன்பின் சக்கரத்தை ஓட்டினாள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஏற்றபடி நான் பேசிப் பதிவு செய்தேன். 'இடது கீழ் மூலையில் விரலை வை. அங்கிருந்து நேரே மேலே போ, அது விலை.' இப்படிச் சொல்லப் பழகியபோதுதான் அந்தக் கோடுகளை நானே ஒருமுறை நிதானமாக நடந்து பார்த்த மாதிரி இருந்தது.

என் பதிவுகள் எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தேவாரம் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார்கள். சனிக்கிழமை அம்மாவோடு மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் ஒரு மாணவி, ஜீப்பில் சத்தமாகவே போட்டுவிட்டாளாம். சோதனைச்சாவடி வந்ததும் அவள் பதிவை நிறுத்த, கேரளத்து டிரைவர், "டீச்சர்டெ பாக்கி எவிடெ?" என்று மீதிப் பாடத்தைக் கேட்டிருக்கிறார்.

தீபாவளிக்கு முன் ஒருநாள், இந்தப் பதிவுகளுக்கெல்லாம் காரணமானவளின் அம்மா கல்லூரிக்கு வந்தார். கையில் ஒரு பை நிறையத் திராட்சை. என்னைப் பார்த்து அடையாளம் தெரியாமல் நின்றவர், நான் "வாங்கம்மா" என்றதும் முகம் மலர்ந்துவிட்டார்.

"நீங்கதானா டீச்சரம்மா! சத்தத்த வச்சுல்ல கண்டுபுடிச்சேன். நம்ம வீட்டுல தெனம் உங்க சத்தந்தான். எங்க வீட்டுக்காரரு ஒறக்கம் வராத மனுசன். இப்ப உங்க பாடத்தப் போட்டா அஞ்சு நிமிசத்துல குறட்டை விடுறாக."

"அம்மா!" என்று மகள் பல்லைக் கடித்தாள்.

"ஆத்தா, நல்லதத்தான சொல்றேன்" என்றார் அவர். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதை நான் இன்னும் யாரிடமும் மறைக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தோழிகள் இருவரும் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது எங்கள் துறையில் ஒரு கருத்தரங்கு நடந்தது. ஏலக்காய் விலை ஏன் நிலையாக நிற்பதில்லை என்று அவள் கட்டுரை படிப்பதாக இருந்தது. போடியில் ஏலக்காயை ஏலம் விடும் மையத்துக்குப் போய் வியாபாரிகளிடம் பேசி, எல்லாவற்றையும் போனில் பதிந்து வந்து அவளே எழுதியது. ஒரு காதில் போன் வாசிக்கும். அதைக் கேட்டுக்கொண்டே அவள் சபைக்குப் பேசுவாள். அதற்காகப் பல நாள் பழகியிருந்தாள்.

எங்கள் முதல்வர் கண்டிப்பானவர். விழா என்றால் அரங்கத்து வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கும். மாணவர்கள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அன்று தொண்டர் படையில் நின்ற ஒரு மாணவன், கூட்ட நெரிசலில் இவளுடைய போனையும் வாங்கி அணைக்காமல் கூடையில் போட்டுவிட்டான். மேடையேறும்போது தந்துவிடுவான் என்று அவளும் கொடுத்துவிட்டாள். நான் மேடை வேலையில் இருந்தேன், கவனிக்கவில்லை. அவள் பெயரைக் கூப்பிட்டு, அவள் மைக் முன்னால் வந்து நின்றபிறகு, தோழி முன்வரிசையிலிருந்து என்னைப் பார்த்துக் கையை விரித்தாள். "மேடம், போனு கூடையில!"

நான் வாசலைப் பார்த்து சைகை காட்ட, அந்த மாணவன் பதறிப்போய்க் கூடையைத் துழாவி அவள் போனை எடுத்தான். எடுத்த வேகத்தில் விரல் திரையில் பட்டுவிட்டது. காதில் மாட்டும் வயரும் கழன்றிருந்தது. போன் முழுச் சத்தத்தில், அவளுக்கு மட்டுமே புரிகிற அந்த வேகத்தில் கத்த ஆரம்பித்தது. அவன் அதைத் தேளைப் பிடித்ததுபோலக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

முதல்வர் எழுந்துவிட்டார். "யார் போன் அது? அணைங்க!"

"அணைக்க வேணாம் சார்" என்று மேடையிலிருந்து மைக்கில் அவள் குரல் வந்தது. "அது என் போன்தான். அது வாசிக்கிறது என் கட்டுரைதான் சார்."

முதல்வர் நடந்து போய் அந்த மாணவனிடமிருந்து போனை வாங்கினார். ஒரு நிமிடம் உற்றுக் கேட்டார்.

"இது தமிழாம்மா?"

"தமிழ்தான் சார். இங்க குடுங்க, மெதுவா வைக்கிறேன்."

அவரே மேடையேறி அவள் கையில் கொடுத்தார். அவள் இரண்டு தட்டுத் தட்டி, மைக் அருகில் பிடித்தாள். கட்டுரை மறுபடி முதலிலிருந்து ஓடியது. நிதானமான, ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு பெண்குரல், "மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, வணக்கம்" என்றது.

"வணக்கம்" என்று கைகூப்பிவிட்டார் முதல்வர்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. அவரும் தான் செய்ததை உணர்ந்து சிரித்துவிட்டார். அவர் பல் தெரியச் சிரித்து அன்றுதான் நாங்கள் பார்த்தோம். பிறகு அவள் வயரை மாட்டிக்கொண்டு பேசினாள். மழை தவறினால் என்ன ஆகும், வெளிநாட்டுச் சரக்கு வந்தால் என்ன ஆகும், காய் பறிக்கும் கூலிக்காரர்களுக்கு அதில் என்ன மிஞ்சும் என்று அடுக்கிக்கொண்டே போனாள். எங்கும் தடுக்கவில்லை. முதல்வர் தன் இருக்கைக்குத் திரும்பவில்லை. மேடை ஓரத்திலேயே நின்று கேட்டார்.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. மாணவர்களுக்குக் கொடுக்கும் எந்தக் குறிப்பும் செல்போன் வாசிக்கும்படி இருக்க வேண்டும் என்று. ஆசிரியர்களில் ஒருசிலர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் ஒவ்வொருவராகத் தங்கள் குறிப்புகளை எடுத்துக்கொண்டு, அவள் போன் வாசிக்கிறதா என்று பார்க்க, மதிய இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு அவளைத் தேடி வந்தார்கள். தோழி அருகில் நின்று வரிசையை ஒழுங்கு செய்தாள். "எங்க போன் முன்னாடி எல்லா சாருமாரும் பரீச்சை எழுதுறாக மேடம்" என்று என்னிடம் வந்து பெருமையடித்தாள்.

கடைசிப் பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல எழுத முதலாண்டு தமிழ் படிக்கும் ஒரு பெண் வந்திருந்தாள். பொருளியல் அறியாதவள். வரைபடக் கேள்விக்கும் இவள் வாயாலேயே சொல்லி, ஒவ்வொரு கோடாகப் போட வைத்திருக்கிறாள். வெளியே வந்ததும் அந்தத் தமிழ் மாணவி என்னிடம், "மேடம், அக்கா சொன்னதுல எனக்கே புரிஞ்சிருச்சு" என்றாள். இவள் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டாள். நல்ல மதிப்பெண் வாங்கித் தேறினாள்.

இப்போது மதுரையில் முதுகலை படிக்கிறாள். தோழி தேவாரத்தில் தையற்கடை வைத்துவிட்டாள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தேனி பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். மதுரையிலிருந்து தனியாக வந்து இறங்கி, போடி வண்டிக்குக் காத்திருந்தாள். எனக்கும் அன்று போடியில் ஒரு வேலை. பக்கத்தில் போய், "எங்கம்மா போற?" என்று மட்டும் கேட்டேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். ஊர் தாண்டியதும் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. அவள் கண்ணாடியை மூடவிடவில்லை.

"வெளிய என்ன இருக்கு மேடம்?"

"மலை, தோப்பு, மேகம் எல்லாம் இருக்கு."

"அப்படி மொத்தமாச் சொன்னா எப்படி? எது கிட்டக்க இருக்கு, எது தூரமா இருக்கு?"

நான் மறுபடி ஆரம்பித்தேன். ரோட்டை ஒட்டித் தென்னை. அதற்குப் பின்னால் புதிதாக உழுத நிலம், ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. அதையும் தாண்டி மலை. பாதிக்குமேல் மேகம் இறங்கி நின்றது. அவள் முகத்தில் சாரல் பட, அடுத்தது என்ன என்று என் கையைத் தட்டிக்கொண்டே வந்தாள். போடி வரும்வரை நான் சொல்லி முடிக்கவில்லை.