தொப்பூரில் கியரோடு இறங்கியவனுக்கு லாரி இல்லையாம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு போனேன். இதெல்லாம் ஒரு பயணமா என்று சிரிப்பீர்கள். மொத்தமே தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் நாற்பத்தொன்பது வயதில் லாரி ஸ்டியரிங்கைப் பிடித்து நான் போன முதல் லோடு அது. நடுவயது தாண்டி இந்தத் தொழிலுக்கு வரலாமா என்று சிலர் விவரம் கேட்டு எழுதியிருந்தார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுத வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தருமபுரியில் ஒரு துணிக்கடையின் சேலைப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவன் நான். கடை கைமாறியது. வந்த புது ஆட்கள், "இளவட்டமா இருந்தா கஸ்டமருக்குப் புடிக்கும்" என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். சேலை கட்டப்போவது நானா? எங்களுக்கு இருப்பது அரை ஏக்கர் வானம் பார்த்த பூமி. மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். பழைய வேன் ஓட்டிய பழக்கம் இருந்ததால் ஹெவி லைசென்ஸ் எடுத்தேன். அதற்குள் எத்தனை பேச்சு! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், "ஏனுங்க அந்தோணி, பேரன் எடுக்கற வயசுல லாரியா?" என்று சிரிக்கிறார்கள். லாரிக்கு டிரைவரே கிடைப்பதில்லை என்று டீக்கடையில் புலம்புகிறவர்களும் இவர்களேதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மூன்று லாரி வைத்திருக்கும் ஒரு முதலாளி ஒருவழியாக ஒத்துக்கொண்டார். ஒரு லோடு நான் ஓட்ட வேண்டும். அவருடைய பழைய டிரைவர் சரவணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். சரியாக இருந்தால் ஒரு லாரியின் சாவி எனக்கு. சரவணனுக்கு முப்பது வயதுதான் இருக்கும். என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டார், ஒரு இடத்திலும் மரியாதை குறையவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

காலை ஒன்பதரைக்கு மார்க்கெட்டில் பெட்டிகளை ஏற்றி, கயிறு இழுத்துக் கட்டிப் புறப்பட்டோம். தருமபுரி வரைக்கும் இருபத்துமூன்று கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அண்ணா, எருமைய புடிக்கற மாதிரி புடிக்காதீங்க, அது எங்கியும் ஓடிப்போவாது" என்று சரவணன் கிண்டல் செய்தார். சிரித்ததில் எனக்குக் கை தளர்ந்தது. புறவழிச்சாலையில் டீ குடித்தோம், ஒரு டீ பதினைந்து ரூபாய். நான்கு வழிச்சாலை ஏறியதும் வண்டி அருமையாகப் போனது. உயரத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது ஊரே வேறு மாதிரி தெரிந்தது. துணிக்கடையில் வீணாக்கிய வருடங்களை நினைத்து வருத்தம்கூட வந்தது.

சுங்கச்சாவடி தாண்டினால் தொப்பூர் கணவாய் ஆரம்பம். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: சேலம் போகிறவர்களுக்கு இது நீண்ட இறக்கம், வளைவுகளோடு. எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்று இந்தப் பக்கம் யாரையும் கேட்டுப் பாருங்கள். கனரக வாகனங்கள் குறைந்த கியரில் செல்லவும், நியூட்ரலில் இறங்காதீர் என்று வழிநெடுகப் பலகை வைத்திருக்கிறார்கள்.

முதல் பலகை கண்ணில் படும்போதே சரவணன், "அண்ணா, ஓசி ரோடு வந்துடுச்சுங்க. நியூட்ரல் தட்டுங்க" என்றார்.

ஓசி ரோடு! இந்த முதலாளியின் லாரிகளில் தொப்பூருக்கு அதுதான் பெயராம். நியூட்ரலில் விட்டால் வண்டி தானாக உருளும், டீசல் மிச்சம், மலை ஓசியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பது அவர்கள் கணக்கு. அடப்பாவிகளா! கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் அத்தனை பாரமும் பிரேக்கின் தலையில்தான். பிரேக் சூடேறிவிட்டால் பிடிக்காது. அப்புறம் முன்னால் போகிற காரும் பைக்கும்தான் நம்மைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

"நான் செகண்ட்லதாங்க எறக்குவேன் தம்பி" என்றேன்.

"மொதலாளி மைலேஜ் பாப்பாருங்க."

"பாக்கட்டும்."

வண்டி உறுமிக்கொண்டு மெல்ல இறங்கியது. பின்னால் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தார்கள். ஒரு லாரிக்காரர் எங்களை ஒட்டி முந்திப் போகும்போது, "பெருசு, வூட்டுக்குப் போய்ப் படு!" என்று கத்தினார். அவர் வண்டியின் பின்னால் வேகம் விவேகமல்ல என்று எழுதியிருந்தது. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்!

சரவணன் முதலாளியைப் போனில் பிடித்து, நான் நியூட்ரல் தட்ட மாட்டேன் என்பதைச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க அந்தோணி, பழைய ஆளுங்க எல்லாம் அப்படித்தான எறக்கறாங்க? மலை ஓசியில குடுக்கறத வேணாங்கறீங்களே!"

"மலை ஓசியில குடுக்குங்க மொதலாளி. அப்புறம் மொத்தமா வாங்கிக்கும்" என்றேன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

அடிவாரத்தில், எங்களை முந்திய அதே லாரி ஓரமாக நின்றது. சக்கரத்திலிருந்து புகை. ரப்பர் தீய்கிற நாற்றம் எங்கள் கேபினுக்குள் வந்தது. கத்திய மனிதர் கேனில் தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தார், ஆளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சரவணன் அதையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்குது, அண்ணா. மைலேஜ் கொறஞ்சா அடுத்த லோடு வேற ஆளுக்குப் போயிடும். ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க எனக்கு" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

பன்னிரண்டரைக்குச் சேலம் மண்டியில் ஒரு பெட்டிகூட நசுங்காமல் இறக்கினோம். திரும்பும்போது சரவணன் ஓட்டினார். சாயங்காலம் முதலாளி ஷெட்டில் காத்திருந்தார். "ஓட்டறது சுத்தமுங்க" என்று சரவணன் என் முன்னாலேயே சொன்னார். முதலாளி அதைக் காதில் வாங்கவே இல்லை. "வயசாயிட்டா பயம் வந்துடுதுங்க. உங்களுக்கு இந்தத் தொழில் ஒத்துவராது" என்றார். பயமாம்! சட்டப்படி, பலகையில் எழுதியபடி ஓட்டினால் அதற்குப் பெயர் பயம். அடுத்தவன் உயிரை வைத்து டீசல் மிச்சம் பிடித்தால் அதற்குப் பெயர் அனுபவம். மகளுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்களுக்கு: நாற்பது தாண்டியிருந்தால் லைசென்சுக்கு மருத்துவரின் சான்று வேண்டும், கண்ணை முதலில் காட்டிவிடுங்கள். ஹெவி லைசென்ஸ் கேட்க, கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். முதுகுக்கு ஒரு தலையணை எடுத்துப் போங்கள். இதெல்லாம் சமாளித்துவிடலாம். வேலை கேட்டுப் போகிற இடத்தில் சம்பளத்துக்கு முன்னால், "தொப்பூர்ல எப்படிங்க எறக்கணும்?" என்று கேளுங்கள். நியூட்ரல் என்று பதில் வந்தால் கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். வயதைக் காட்டி மடக்குவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். நான் இப்போது வேறு இரண்டு இடத்தில் கேட்டு வைத்திருக்கிறேன்.

நேற்று அதே முதலாளி போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் அவர் மச்சினன் வீட்டு விசேஷமாம். குடும்பத்தோடு வேனில் போகிறார்களாம். "நீங்க வந்து ஓட்டிக் குடுங்க அந்தோணி. நீங்கன்னா நிதானமா போவீங்க" என்றார்.

"வரேனுங்க. தொப்பூர்ல எப்படி எறக்கணும், நியூட்ரலுங்களா?"

"என்னங்க கேள்வி இது? கியர்லயே எறக்குங்க. புள்ளைங்க இருக்குதுல்ல?"

எனக்கு வந்ததே கோபம்! "சரவணனுக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க. லாரியவும் கியர்லயே எறக்கு, லோடு கைய விட்டுப் போவாதுன்னு அவருகிட்ட இன்னிக்கே சொல்லுங்க. சொல்லிட்டுக் கூப்புடுங்க, வரேன்" என்றேன்.

சரவணனிடம் இன்று காலை விசாரித்தேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லையாம். வேனுக்கு மட்டும் வேறு டிரைவர் தேடுகிறாராம், நிதானமாக ஓட்டுகிற ஆளாக.