பச்சை வெளிச்சம்

எனக்கு வடிவாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. இப்போது மறதியும் கூடிவிட்டது. பிழை இருந்தால் குறை நினையாதையுங்கோ.

இங்கே சுவிஸில், பாசல் நகரத்தில், எங்கட ஆக்களின் கலைவிழாவுக்கு ஒரு நாடகம் போட்டார்கள். புருசனும் பெண்சாதியும் கோபத்தில் பிரிகிற கதை. பெண்சாதியாக நடித்தது என் மகள். உண்மையிலேயே புருசனை விட்டுவிட்டு என்னோடு வந்து இருக்கிறவள் அவள். ஏன் விட்டாய் என்று ஒருவரும் கேட்டதில்லை, கோபக்காரி என்று மட்டும் கதைத்தார்கள். மேடையிலயாவது சொல்லி முடிக்க விடுவினம் என்றுதான் நடிக்கச் சம்மதித்தாள்.

நாடகத்தில் இரண்டு பேருக்கும் ஒரே வசனம்: இனி உன்ர முகத்தில முழிக்க மாட்டன். புருசன் அதைச் சொல்லிக் கோப்பையைப் போட்டு உடைப்பான், உடனே சோகமாக வயலின் வரும். அதையே இவள் சொல்லும்போது முடி அவிழ வேண்டும், கீழே இருந்து முகத்துக்குப் பச்சை லைற் அடிப்பார்கள், சலங்கைச் சத்தம் வரும். ஒத்திகைக்கு நானும் போய் ஒரு மூலையில் இருந்தேன்.

"அண்ணை, அவர் கோவிச்சால் மனுசன். நான் கோவிச்சால் ஏன் பேய்?" என்று மகள் கேட்டாள்.

நாடகம் எழுதினவர் சிரித்தார். "லைற் இல்லாட்டிச் சனம் உன்னை எப்பிடி விளங்கும், தங்கச்சி?"

"விளங்க வேண்டாம். கேட்டால் போதும்."

கடைசியில் ஓம் என்றார். லைற்றும் இல்லை, சலங்கையும் இல்லை, முடியும் கட்டினபடி.

வீட்டில் அவள் நிலவறைக்குப் போய், உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் நின்று வசனம் பாடமாக்குவாள். அந்தக் குரல் நான் சமைக்கிற குசினியின் தண்ணிக் குழாய் வழியே மேலே ஏறி வரும். சொல் விளங்காது, குரல் மட்டும். ஒருநாள் அவள் எனக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போதும் குழாயில் அந்தக் குரல் கேட்டது. நான் அவளுக்குச் சொல்லவில்லை.

விழாவன்று மண்டபம் நிரம்பிவிட்டது. புருசனாக நடித்தவர் கோப்பையை உடைத்தபோது எனக்குப் பின்னால் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு என் மகள் நடுவில் வந்து நின்று, குரலை உயர்த்தாமல் அதே வசனத்தைச் சொன்னாள். ஒரு இருமல்கூட இல்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. நாடியில் இருந்து நெற்றி வரைக்கும் அவள் முகம் பச்சையாகத் தெரிந்தது. சலங்கையும் கேட்டது. சொன்ன சொல்லை மீறிவிட்டார்களே என்று நினைத்தேன்.

முடிந்த பிறகு அவளுக்குக் கிட்ட ஒருவரும் வரவில்லை. நல்ல பேய் என்று என் பக்கத்தில் இருந்த மனுசி மெல்லமாகச் சொன்னா.

ட்ராமில் வரும்போது, கடைசியில் லைற்றைப் போட்டுவிட்டார்கள்தானே என்று மகளைக் கேட்டேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இல்லையம்மா. அந்த லைற்றை அவையள் மண்டபத்துக்கே கொண்டு வரேல்லை."

பிறகு கேட்டாள், "உங்களுக்கும் நான் அப்பிடித்தான் தெரிஞ்சனானோ?"

நான் யன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். அவள் இப்போதும் என்னோடுதான் இருக்கிறாள். ஆனால் என் முன்னால் கோபிப்பதில்லை. ஏதும் சொல்ல வாயெடுத்தால் முதலில் என் கண்ணைப் பார்க்கிறாள், பிறகு பேசாமல் போய்விடுகிறாள்.

அன்று மண்டபத்தில் இருந்த ஆராவது இதை வாசித்தால், அந்த லைற் எரிந்ததா இல்லையா என்று ஒருக்கா விசாரித்துச் சொல்லுங்கோ. நான் கண்டது எனக்கு நல்ல நினைவு. ஆனால் அதைச் சரியென்று சொல்ல ஆரும் இல்லை.